எண்ணி என்ன செய்யப் போறிய?

(திருநெல்வேலியில் கல்லூரி மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பறவை பார்க்கும் குழுக்கள் என்ன செய்கின்றன, ஒருவர் அதில் சேர்ந்தால் என்ன தொண்டு செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. என்னிடம் ஒரு ஆச்சி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ஜனவரி மாதக் காலை. மானூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரை. பனி இன்னும் விலகவில்லை. நாங்கள் ஐந்து பேர் கரைமேல் முக்காலியை ஊன்றி, தொலைநோக்கியைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தோம். வெள்ளாடுகளைப் பத்திக்கொண்டு வந்த ஆச்சி முக்காலியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, குளத்த அளக்க வந்திருக்கியளா?"

"இல்ல ஆச்சி, பறவைய எண்ண வந்திருக்கோம்."

ஆச்சி குளத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "எண்ணி என்ன செய்யப் போறிய?"

அரசாங்கத்துக்குக் கொடுப்போம், ஆராய்ச்சி செய்வார்கள் என்று ஏதோ சொன்னேன். ஆச்சி சரி என்று தலையாட்டிவிட்டு ஆடுகளோடு போய்விட்டார். அவர் கேட்டது அதுவல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. குளம் அவருடையது. ஆடு தண்ணீர் குடிக்கிற குளம், அவர் மகன் நெல் விளைவிக்கிற குளம். வெளியூரிலிருந்து ஐந்து பேர் வந்து எண்ணிக்கொண்டு போவதால் அந்தக் குளத்துக்கு என்ன ஆகும் என்றுதான் அவர் கேட்டார். அதற்கு இத்தனை ஆண்டுகளில் நான் சேர்த்து வைத்திருக்கும் பதிலை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

இந்த எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று இரண்டு அணியாகப் பிரிந்து காட்டுக்குப் போவார்கள். எந்த அணி அதிக உயிர்களைச் சுட்டுக் குவிக்கிறதோ அது வென்றதாகக் கணக்கு. 1900ஆம் ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், இந்த முறை சுட வேண்டாம், எண்ணிப் பார்ப்போம் என்று அழைத்தார். 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. உலகில் எந்த ஊரில் பறவைக் குழு என்று ஒன்று இருந்தாலும், அதன் மூதாதையர் அந்த 27 பேர்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நம் நாட்டில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஜனவரிக்குக் காரணம் உண்டு. வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகள் அந்த மாதத்தில் அலைச்சல் முடிந்து ஓரிடத்தில் தங்கியிருக்கும். நம் பக்கத்துக்கு இன்னொரு பொருத்தமும் அமைந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, குளங்கள் எந்த அளவுக்கு நிறைய வேண்டுமோ அந்த அளவுக்கு நிறைந்திருக்கும் காலம் அது. ஜனவரியில் ஒரு குளம் வறண்டு கிடந்தால், அந்த ஆண்டு மழை பொய்த்திருக்க வேண்டும், அல்லது வரத்துக்கால் எங்கோ அடைபட்டிருக்க வேண்டும்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்கென்று தனியாக நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் அதை முன்னெடுத்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து இயற்கைக் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களை ஒரே வாரக்கடைசியில் குழுகுழுவாகப் பிரிந்து எண்ணுகிறோம். ஏன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும்? பறவைக்கு நம் குளம், அடுத்த ஊர்க் குளம் என்ற கணக்குக் கிடையாது. இன்று ராஜவல்லிபுரத்தில் இருக்கும் சிறகிக் கூட்டம் நாளை கங்கைகொண்டானில் இருக்கலாம். ஒரு குளத்தை ஒரு வாரமும் இன்னொன்றை மறுவாரமும் எண்ணினால், ஒரே கூட்டத்தை இரண்டு தடவை எழுதிவிடுவோம், அல்லது இரண்டு தடவையும் தவறவிட்டுவிடுவோம்.

எண்ணும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இதை யாரும் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்வதில்லை, கரையில் நின்றுதான் கற்றுக்கொள்கிறார்கள்.

விடியும்போதே கரைக்குப் போய்விட வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம் பார்க்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்பாகத்தான் தெரியும். கரைக்குப் போனவுடன் எண்ணத் தொடங்கக் கூடாது. ஐந்து நிமிடம் சும்மா நிற்க வேண்டும். நாம் வந்த சலசலப்பில் ஒதுங்கியவை அந்த நேரத்தில் திரும்பி வரும். கோரைக்குள் ஒளிந்திருக்கும் தாழைக்கோழி வெளியே தலை நீட்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். இரண்டையும் ஒருவரே செய்தால் குனிந்து எழுதும் நேரத்தில் கூட்டம் இடம் மாறிவிடும்.

ஆயிரம் வாத்து ஒன்றாக மிதந்தால் ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதியவைக்க வேண்டும். பிறகு அதே அளவில் ஐம்பது, அதன்பின் நூறு. பெண்கள் உலையில் அரிசி போடும்போது கைப்பிடியால் அளப்பார்களே, அதுபோலக் கண்ணுக்கும் ஒரு பிடி உண்டு. அது பழகப் பழகத்தான் அமையும். புதிதாக வருகிறவர்கள் எப்போதும் குறைவாகவே மதிப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். நானூறு என்று நான் சொன்ன நாமக்கோழிக் கூட்டத்தை, படமெடுத்து வீட்டில் வைத்து எண்ணிப் பார்த்தபோது அறுநூறுக்கு மேல் இருந்தது.

நாமக்கோழி என்றதும் என் முதல் கணக்கெடுப்பு ஞாபகம் வருகிறது. உடம்பெல்லாம் கருப்பு, நெற்றியில் வெள்ளை நாமம். அதை எனக்கு அன்று தெரியாது. நீரில் மிதந்த எல்லாவற்றையும் வாத்து என்று எழுதிக்கொண்டே போனேன். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளை வாங்கிப் பார்த்தார். அடிக்கவில்லை, திருத்தவும் இல்லை. "தம்பி, தெரியாததத் தெரியாதுன்னு எழுதிப் பழகு. தப்பா எழுதுன பேரு அம்பது வருசத்துக்கு அந்தத் தாள்ல பொய் சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார். பறவைகளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. இன்றும் எங்கள் படிவங்களில் "அடையாளம் தெரியாத வாத்து: 40", "உள்ளான் வகை: 25" என்று வரிகள் இருக்கும். அவற்றைப் பார்க்கும்போது அந்தப் படிவத்தின் மற்ற வரிகள்மேல் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

அவரிடம் கற்ற இன்னொன்று, காலிக் குளத்தையும் எழுதுவது. ஓராண்டு எங்களுக்கு ஒதுக்கிய நான்கு குளங்களில் ஒன்று வெடித்துக் கிடந்தது. உள்ளே சீமைக்கருவேல், ஓரத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். அடுத்த குளத்துக்குப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அவர் இறங்கி, கரையில் நின்று, படிவத்தை நிரப்பினார். தேதி, நேரம், தண்ணீர் இல்லை, ஆள்காட்டி இரண்டு, வேறு நீர்ப்பறவை எதுவுமில்லை. அது வேலைக்கு ஆகாத தாள் என்று நினைத்தேன். ஏழெட்டு ஆண்டுத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அந்த வெற்றுத் தாள் பேசியது. அதே மழையில் சுற்றியிருந்த குளங்கள் நிறைந்த ஆண்டுகளிலும் அந்த ஒரு குளம் மட்டும் நிறையவில்லை. வரத்துக்காலில் எங்கோ சிக்கல் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் மனு எழுதும்போது காட்டுவதற்கு அவர்களிடம் தேதி போட்ட தாள் இல்லை. எங்களிடம் இருந்தது.

பறவையை எண்ணப் போகிறவர் குளத்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறார். எங்கள் படிவத்தில் பறவைப் பெயர்களுக்குக் கீழே ஒரு பகுதி உண்டு. தண்ணீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிறதா, குப்பை கொட்டுகிறார்களா, மீன்பிடி உண்டா, கரையில் என்ன மரங்கள் என்று கேட்டிருக்கும். மாணவர்கள் இந்தப் பகுதியை அவசரமாக நிரப்பிவிட்டு மறுபடி தொலைநோக்கியிடம் ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாம்புத்தாரா கழுத்தை நீட்டி மீனைக் குத்தும் காட்சி கண் முன்னால் இருக்கும்போது ஆகாயத்தாமரையை யார் பார்ப்பார்கள்! ஆனாலும் அந்தப் பகுதியை நிதானமாக நிரப்பச் சொல்லி நான் வற்புறுத்துவேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மண்டபத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஆறு ஊருக்குள் வந்தது. அடுத்த மாதம் கணக்கெடுப்பு வந்தபோது, இந்த ஆண்டு வேண்டாமே என்று எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு எழுந்தது. வீட்டை இழந்தவர்கள் இருக்கும் ஊரில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பது சரியா? எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. கடைசியில் போனோம். முதலில் ஊருக்குள் போனோம், கையில் கொண்டுபோன சில பொருள்களைக் கொடுத்தோம், அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு குளத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனதே அவர்கள்தான். உடைப்பைக் காட்டினார்கள். ஜனவரியிலேயே தண்ணீர் வடிந்து நடுவில் சேறாகக் கிடந்தது. வாத்து ஒன்றுகூட இல்லை. அந்தச் சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்தன. பறவைகளில் ஒரு சாராருக்கு ஆழமான நீர் வேண்டும், அரையடித் தண்ணீரும் சேறும் இன்னொரு சாராருக்கு வேண்டும். அன்று எழுதிய தாள் ஒரு வெள்ளத்தின் சாட்சி. அதற்கு முந்தைய ஆண்டுத் தாள்கள் இல்லாவிட்டால் அது எதற்கும் சாட்சியாகாது.

இப்படி எழுதிய தாள்கள் எங்கே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பறவை பார்த்தவர்களின் குறிப்பேடுகள் அவர்களோடு மறைந்தன. இன்று இ-பேர்ட் என்ற பொதுத் தளத்தில் யாரும் தங்கள் பட்டியலை ஏற்றலாம். அங்கே ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா? காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் எழுதினால், காகம் அன்று இல்லையா, நீங்கள் எழுதவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அது அன்று கண்ணில் படவில்லை என்று பொருள் கொள்ளலாம். நூறு பட்டியலில் முன்பு அறுபதில் இருந்த பறவை இப்போது நாற்பதில்தான் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இந்த நேர்மையால்தான்.

அப்படி ஒப்பிட்டு எழுதப்பட்டதுதான் 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் தந்த 3 கோடி பதிவுகள், 942 வகைப் பறவைகள். நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 வகைகள். அவற்றில் 204 வகைகள் குறைந்திருக்கின்றன. நம் பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் சிறகில் நீலம் மின்னும். கிராமத்தில் வளர்ந்தவர் யாரும் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அது சுமார் 12 ஆண்டுகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது என்கிறது அறிக்கை. அபூர்வமான பறவையைத் தேடிப் போகிறவர் எவரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தினமும் பார்க்கும் பனங்காடையை அலுக்காமல் எழுதிய ஆயிரக்கணக்கான மனிதர்களால் தெரிய வந்தது.

அதே அறிக்கை மயில் பெருகியிருக்கிறது என்றும் சொல்கிறது. நம் உழவர்கள் அதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். சிட்டுக்குருவி விஷயமும் இங்கே சொல்ல வேண்டியது. செல்போன் கோபுரத்தால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று பள்ளி மேடைகளில் இன்றும் பேசுகிறார்கள். பெருநகரங்களில் குறைந்திருப்பது உண்மை. நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் அது ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சிட்டுக்குருவிக்குக் கூட்டுப்பெட்டி செய்து மாட்டுவது நல்ல காரியம், பிள்ளைகளுக்குப் பறவைமேல் பாசம் வரும். ஆனால் அந்த அக்கறையில் கொஞ்சம் பனங்காடைக்கும் கிடைக்க வேண்டும். அதற்குப் பெட்டி போதாது. பட்ட மரத்தையும் மொட்டைப் பனையையும் வெட்டாமல் விட வேண்டும், அவற்றின் பொந்தில்தான் அது முட்டையிடுகிறது.

எண்ணிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு நீர்நிலை இடம்பெறுவதற்கான அளவுகோல்களில் ஒன்று, அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் இருக்க வேண்டும் என்பது. மற்றொன்று, ஓர் இனத்தின் மொத்தத்தில் ஒரு விழுக்காடாவது அங்கே இருக்க வேண்டும் என்பது. எண்ணாமல் இதை எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் 2002இல் கோடியக்கரை அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இருபது ஆண்டுகள் அது ஒன்றுதான். 2022இல் ஒரே ஆண்டில் 13 இடங்கள் சேர்ந்தன, நம் கூந்தன்குளமும் அதில் ஒன்று. 2024இல் திருப்பூர் நஞ்சராயன் குளம் சேர்ந்தது. சாயப்பட்டறை ஊர் என்று பேரெடுத்த இடத்தில் ஒரு குளம் உலகப் பட்டியலில் ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வருகிறது, நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது.

கூந்தன்குளத்தைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். சங்குவளை நாரை வீட்டு முற்றத்து வேம்பிலும் புளியிலும் கூடு கட்டும். எச்சத்தின் வாடையை அந்த வீட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். திருப்புடைமருதூரும் அப்படித்தான். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றிய மரங்களில் கொக்கும் நாரையும் அடைகின்றன. ஊரார் விருப்பத்தோடு 2005இல் அது பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. எந்தப் பறவைக் குழுவும் போய் இந்த ஊர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை நான் முதலில் திருப்புடைமருதூருக்குத்தான் கூட்டிப்போவேன். தொண்டு என்ற சொல்லை அவர்கள் அங்கிருந்து கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காக.

எல்லா ஊரும் கூந்தன்குளம் ஆகிவிடாது. ஒரு குளத்தில் மீன்பாசிக் குத்தகை எடுத்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் சத்தம் போட்டார். கடன் வாங்கிக் குஞ்சு விட்டிருக்கிறார். நீர்க்காகம் நூறு நூறாக இறங்கி மூழ்கி மூழ்கித் தின்கிறது. அவர் வெடி போட்டு விரட்டுகிறார். "நீங்க எண்ணுறது எம் பணத்த" என்றார். எங்களில் ஓர் இளைஞர், வெடி போடுவது சட்டப்படி குற்றம் என்று பேசத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று ஒரு மணி நேரம் குத்தகைக்காரரோடு கரையில் உட்கார்ந்திருந்தோம். குத்தகைத் தொகை எவ்வளவு, தண்ணீர் எந்த மாதம் வற்றும், எந்தக் குஞ்சு எவ்வளவு வளரும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேட்டோம். அவர் மனம் மாறிவிட்டார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மாறவில்லை. அடுத்த ஆண்டும் வெடி போட்டார். ஆனால் எங்களைக் கரையில் நிற்கவிட்டார், எந்த மாதம் எந்தப் பறவை வந்து இறங்கியது என்று தானாகவே சொன்னார். மீனை நம்பியவருக்கும் பறவைக்கும் நடுவே நிற்கும் இந்தச் சிக்கலுக்கு ஒரு குழுவால் தீர்வு கொடுக்க முடியாது. குத்தகை விதிகளை வகுக்கிறவர்கள் பறவைகள் தங்கும் மாதங்களைக் கணக்கில் எடுத்தால் கொஞ்சம் வழி பிறக்கும் என்பது என் எண்ணம். அந்த மாதங்கள் எவை என்று சொல்லும் தாள்கள் எங்களிடம் இருக்கின்றன.

எங்கள் குழுவில் சேரப் பறவை தெரிந்திருக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். எங்களோடு பல ஆண்டுகளாக வரும் ஒரு அக்கா, இன்றும் மடையானுக்கும் உண்ணிக்கொக்குக்கும் வித்தியாசம் கேட்பார். ஆனால் அவர் இல்லாவிட்டால் எங்கள் கணக்கெடுப்பு நடக்காது. எந்தக் குழு எந்தக் குளம், யார் வண்டியில் யார், முதல் நாள் இரவு வெளியூர்ப் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள், விடியுமுன் தேநீர் எப்படி வரும் என்று எல்லாம் அவர் பொறுப்பு. மாலையில் எல்லாத் தாள்களும் வந்து சேர்ந்ததா என்று சரிபார்த்து, கையெழுத்துப் புரியாத இடத்தில் எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்டு, கணினியில் ஏற்றுவதும் அவர்தான். அவர் வங்கி ஊழியர், அந்தக் கண்ணுக்குத் தப்பிய பிழை உண்டா? சென்ற ஆண்டுகளில் நானூறு இருந்த இடத்தில் திடீரென்று நாலாயிரம் வந்தால், கை தவறிச் சேர்ந்த பூஜ்யமா, உண்மையா என்று முதலில் கேட்பவர் அவர்.

பள்ளிகளுக்கும் போகிறோம். பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழகமெங்கும் பறவைகளைப் பட்டியலிடும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரியில் உலகமெங்கும் நான்கு நாள், பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்தாலே போதும் என்ற கணக்கெடுப்பு ஒன்று உண்டு. அதைப் பள்ளி வளாகத்தில் செய்ய வைக்கிறோம். பிள்ளைகள் கரிச்சானையும் தவிட்டுக்குருவியையும் எழுதுவார்கள். ஒரு கிராமப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை, பட்டியலில் இல்லாத ஒரு பெயரை எழுதிக் கொண்டுவந்தாள். அவள் தாத்தா சொல்லும் பெயர். அதைத் தப்பு என்று அடிக்க எனக்கு மனம் வரவில்லை. க. ரத்னம் போன்றவர்கள் தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுத்ததே இப்படி மக்கள் வாயிலிருந்துதானே. இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கையேடு வேண்டுமென்றால் ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழிலேயே இருக்கிறது. இங்கிலீஷ் தெரியாததால் பறவை பார்க்க முடியவில்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டைப் படமெடுக்க நெருங்காதீர்கள். கிளையை ஒடித்து வெளிச்சம் உண்டாக்குவதும், செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கூட்டத்தைக் கிளப்புவதும் நம் குளங்களில் நடக்கின்றன. தாய் எழுந்த கூட்டில் வெயில் முட்டையைச் சுட ரொம்ப நேரம் ஆகாது. காகம் அதற்குள் வந்துவிடும். கூடு இருக்கும் இடத்தை எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்துவிடாதீர்கள். எங்கள் குழுவில் இதற்காக நல்ல படமெடுக்கும் இருவரை இழந்திருக்கிறோம். வருத்தம்தான், ஆனால் இந்த விதியை மாற்றிக்கொள்ள மாட்டோம்.

நம் ஊருக்கும் பறவை பார்க்கும் கலைக்கும் உள்ள ஒரு பழைய உறவையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் உரைநடைக்கு வழி போட்டவர்களில் ஒருவரான அ. மாதவையா பெருங்குளத்துக்காரர். ஊரின் பெயரே குளம். அவர் மகன் மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். 1950இல் ஒரு செய்தித்தாளில் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். வீட்டுப் பக்கத்தில் தெரிவதை அவர் அளவுக்கு மரியாதையோடு எழுதியவர்கள் குறைவு. தமிழிலும் எழுதியிருக்கிறார். அவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டு பறவை பார்க்கிறோம் என்பது எனக்குச் சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை.

ஆச்சியிடம் திரும்பி வருகிறேன். அடுத்த ஜனவரியிலும் அதே குளம் எங்களுக்கு விழுந்தது. ஆச்சி இல்லை. அதற்கடுத்த ஆண்டு இருந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "இந்த வருசமும் வந்துட்டியளா" என்றார். மூன்றாவது ஆண்டோ நான்காவது ஆண்டோ, நாங்கள் எண்ணி முடித்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன வருசம் எத்தன இருந்துச்சி?"

பையில் பழைய தாள்கள் இருந்தன. எடுத்துப் படித்தேன். நீலச்சிறகி இத்தனை, நாமக்கோழி இத்தனை, நத்தைகுத்தி நாரை இத்தனை. "அதுக்கு முந்துன வருசம்?" அதையும் படித்தேன். ஆச்சி விரலை மடக்கிக்கொண்டே கேட்டார். பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். கூழைக்கடா வந்த ஆண்டு, மறுகால் பாய்ந்த ஆண்டு, குளத்துக்குள் பயிர் வைத்த ஆண்டு, அவருக்குக் கல்யாணமான ஆண்டில் கரை உடைந்தது. என்னிடமிருந்த தாள் நான்கு ஆண்டுக்குத்தான். அவர் சொன்னது அறுபது ஆண்டுக்கு இருக்கும். நான் படிவத்தின் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதினேன். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு குளத்திலும் எண்ணி முடித்ததும், அந்த ஊரில் வயதான ஒருவரிடம் சென்ற ஆண்டுக் கணக்கைப் படித்துக் காட்டிவிட்டு, அவர் சொல்வதையும் எழுதிக்கொண்டு வருகிறோம்.

அடுத்த கணக்கெடுப்பு வரும் ஜனவரியில். அதற்கு முன் மாதத்தில் இரண்டு ஞாயிறு பழக்கம் கொடுக்கிறோம், வேய்ந்தான்குளத்திலும் நயினார்குளத்திலும். இரண்டும் ஊருக்குள்ளேயே இருப்பவை, டவுன் பஸ்ஸில் வந்துவிடலாம். காலை 6 மணிக்கு வந்தால் போதும். பளிச்சென்ற நிறத்தில் சட்டை வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் கொண்டுவாருங்கள். பைனாகுலர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், எங்களிடம் பொதுவில் ஆறு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும் கட்டாயம், பேனா பனியில் எழுதாது. பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக அந்த அக்கா வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.